யூத் வேர்க்கில் இருந்து சென் டி.ஏ. வேலைக்கு மாறுவது: விளக்கம் தேவை

ஈஸ்ட்ஹாம்_பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்திலை யூத் சென்டரிலை பின்னேர வேலை, லெவல் 3 யூத் வேர்க் (இளைஞர் பணித் தகுதி) முடிச்சிருக்கு, 13 தொடக்கம் 19 வயசுப் பிள்ளையள். பள்ளிக்கூடங்களிலை விசேட கல்வித் தேவை (சென்) உள்ள பிள்ளையளுக்கு உதவுற டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டன்ட், வகுப்பு உதவியாளர்) வேலைக்கு விண்ணப்பிக்க யோசிக்கிறன். விளம்பரங்களைப் பாத்தால் ஒவ்வொண்டிலும் ஒவ்வொரு பேர்: சென் டி.ஏ., எல்.எஸ்.ஏ., ஒன்-டு-வன், ஏ.ஆர்.பி. உதவியாளர். என்ன வித்தியாசம் எண்டு விளங்கேல்லை.

இவ்வளவும்தான் கேள்வி. லெவல் 3 யூத் வேர்க் பள்ளிக்கூடத்திலை செல்லுமோ, இல்லாட்டி வேறை படிக்க வேணுமோ? விண்ணப்பத்திலை யூத் வேர்க்கை எப்பிடி எழுதிறது? வகுப்பிலை உண்மையா என்ன செய்யிறது? 24,000 பவுண் எண்டு போடுகினம், கைக்கு அதுதான் வருமோ?

ஏற்கெனவே செய்யிற ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ. "நல்ல வேலை, மனநிறைவு" எண்ட மாதிரிப் பதில் வேண்டாம். 🙂

---

சட்பரி_அக்கா

தம்பி, டி.ஏ. ஆவதற்குச் சட்டத்தில் கட்டாயத் தகுதி என்று ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடம் தானே தீர்மானிக்கும். பெரும்பாலும் ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் கிரேட் 4 கேட்பார்கள், இலங்கை ஓ.எல். என்றால் அதற்கு நிகரானது என்று அத்தாட்சி எடுத்து வையுங்கள். லெவல் 3 யூத் வேர்க்கை மதிப்பார்கள், ஆனால் அதுவே போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் கற்றல் பற்றிய பகுதி குறைவு. வேலையில் சேர்ந்த பிறகு டீச்சிங் அசிஸ்டன்ட் லெவல் 3 அப்ரண்டிஸ்ஷிப் (வேலை செய்துகொண்டே படிப்பது) செய்யலாம். சேருவதற்கு முன்பு கைக்காசு போட்டு ஆன்லைன் சான்றிதழ் வாங்க வேண்டாம். நேர்முகத்தில் யாரும் அதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

டி.பி.எஸ். (குற்றப் பின்னணிச் சான்றிதழ்) உங்களிடம் என்ஹான்ஸ்ட் (விரிவான நிலை), அதுவும் சிறுவர் பிரிவுக்கு எடுத்ததாக இருக்கும். அப்டேட் சேர்விஸில் பதிந்திருந்தால் பள்ளிக்கூடம் ஆன்லைனில் சரிபார்த்துவிடும். சான்றிதழ் வெளியான 30 நாளுக்குள் பதிய வேண்டும். அந்த நாள் தாண்டியிருந்தால் புதிதாக எடுப்பதுதான் வழி.

சி.வி. மட்டும் அனுப்பாதீர்கள். பள்ளிக்கூடங்களுக்கான பிள்ளைப் பாதுகாப்பு வழிகாட்டல் முழு விண்ணப்பப் படிவம் வேண்டும் என்கிறது, சி.வி.யைத் தனியே ஏற்கக் கூடாது. பள்ளிப் படிப்பு முடித்த நாளிலிருந்து இன்றுவரை வேலையில் விழுந்த இடைவெளி ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். ஊருக்குப் போய் மூன்று மாதம் நின்றிருந்தால் அதையும் எழுதுங்கள். வெற்றிடம் விட்டால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இனி எழுதும் முறை. யூத் வேர்க்கில் இருந்து வரும் விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் ஒரே வசனம் இருக்கும்: "இளைஞர்களுடன் நம்பிக்கையான உறவை வளர்ப்பேன்." படிப்பவருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "எட்டுப் பேர் சமையல் குழுவில் இரண்டு பேருக்குச் செய்முறைத் தாளை வாசிக்க முடியவில்லை. அதை ஆறு படங்களாக வெட்டி அடுப்புக்கு மேலே ஒட்டினேன். நாலாம் கிழமை படங்களைக் கழற்றினேன். இருவரும் பார்க்காமல் செய்தார்கள்." தடை என்ன என்று கண்டது, அதற்கு ஒன்று செய்தது, பிறகு அதைக் கழற்றியது. விண்ணப்பம் வாசிக்கும்போது நான் தேடுவது அந்த மூன்றாவதைத்தான். உதவியைக் கொடுக்கத் தெரிந்தவர்கள் நிறைய வருகிறார்கள், எடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

வேலைப் பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். டி.ஏ.யும் எல்.எஸ்.ஏ.யும் (லேர்னிங் சப்போர்ட் அசிஸ்டன்ட்) பெரும்பாலும் ஒரே வேலைதான். ஒன்-டு-வன் என்றால் ஈ.எச்.சி.பி. (உள்ளூராட்சி மன்றமான கவுன்சில் தரும் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம்) உள்ள ஒரு பிள்ளைக்கென்று எடுக்கிறார்கள். ஏ.ஆர்.பி. என்பது சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே தனி அலகு; பிள்ளை கொஞ்ச நேரம் அங்கே, மீதி நேரம் பொது வகுப்பில். ஸ்பெஷல் ஸ்கூல் (விசேட தேவை உள்ள பிள்ளைகளுக்கென்றே நடக்கும் பள்ளிக்கூடம்) தனி உலகம், அதில் இருப்பவர்கள் சொல்லட்டும்.

உங்களுக்கு நான் முதலில் காட்டுவது இரண்டு இடம். ஒன்று எஸ்.ஈ.எம்.எச். பக்கம், அதாவது சமூக, உணர்ச்சி, மனநலம் சார்ந்த தேவை உள்ள பிள்ளைகள். மற்றது எஃப்.ஈ. காலேஜ் (பள்ளிக்கூடம் முடித்தவர்கள் மேலே படிக்கும் கல்லூரி). ஈ.எச்.சி.பி. 25 வயது வரை தொடரலாம் என்பதால் காலேஜுகளில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உதவியாளர் தேவைப்படுகிறது. நீங்கள் பழகிய வயதும் அதுதான். ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்து ஒலிகள் சொல்லிக்கொடுப்பதில் யூத் வேர்க் அனுபவம் அவ்வளவு கைகொடுக்காது.

இன்னொன்று. யூத் சென்டருக்குப் பிள்ளை தான் விரும்பி வருகிறான், பிடிக்காவிட்டால் எழும்பிப் போகலாம். பள்ளிக்கூடத்தில் அவனுக்கும் போக வழியில்லை, உங்களுக்கும் இல்லை. அவன் உங்களைத் தெரிவு செய்யவில்லை. பதினான்கு வயதில் பக்கத்தில் ஒரு பெரிய ஆள் வந்து குந்தியிருப்பதை மற்றப் பிள்ளைகள் பார்ப்பதே அவனுக்கு வெட்கம். முதல் இரண்டு கிழமை அவனுக்குப் பக்கத்தில் இருக்காமல் அவன் மேசை வரிசை முழுவதற்கும் உதவுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

(நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் சட்டமும் பெயர்களும் வேறு.)

---

மூண்டாம்_பீரியட்

அக்கா சொன்னதிலை, பிள்ளைக்குப் பக்கத்திலை குந்தியிருக்கிறதைப் பற்றின பந்தியை ரெண்டு தரம் வாசியுங்கோ.

2003 தொடக்கம் 2008 வரை இங்கிலாந்திலையும் வேல்ஸிலையும் டிஸ் எண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. டி.ஏ. உதவி கூடக் கிடைச்ச பிள்ளையள், அதே மாதிரியான, உதவி குறைவாக் கிடைச்ச பிள்ளையளை விடக் குறைவாத்தான் முன்னேறினவை எண்டு அதிலை வந்தது. டி.ஏ.க்கள் கூடாத ஆக்கள் எண்டதாலை இல்லை. பாடத்துக்கு முதல் ரீச்சரோடை கதைக்க நேரமில்லை, பிள்ளையைக் கற்பிக்கிற பொறுப்பு மெல்ல மெல்ல டி.ஏ. தலையிலை விழுந்தது, டி.ஏ. வேலையை முடிச்சுக் குடுக்கிறதிலை குறியா இருந்தவை. இதுக்கு இஞ்சை ஒரு பட்டப்பேர் இருக்கு: வெல்க்ரோ டி.ஏ. ஒட்டினா ஒட்டினதுதான்.

யூத் வேர்க்கிலை இருந்து வாற ஆக்களுக்கு இந்த ஆபத்து மற்றவையை விடக் கூட. பிள்ளை கெதியா ஒட்டும். ஒட்டினதைப் பாத்து எல்லாரும் மெச்சுவினம். ஆறு மாசத்திலை நீங்கள் லீவு எடுத்த நாளிலை அந்தப் பிள்ளை வகுப்புக்கே போகாது. அப்பதான் பிழை தெரியவரும்.

ஒரு பாடத்தை எடுத்துச் சொல்லுறன். இயர் 8 (12, 13 வயசு), சயன்ஸ், வெப்பக் கடத்தல்.

வாசலிலை ரீச்சரிட்டை ரெண்டு நிமிஷம். மூண்டு கேள்வி போதும்: பாட முடிவிலை அவனுக்கு என்ன தெரிஞ்சிருக்க வேணும், புதுச் சொல்லு எது, நான் எந்தக் குழுவோடை நிக்க வேணும். முழுப் பாடத்திட்டத்தையும் கேக்காதேங்கோ, அவைக்கும் நேரமில்லை.

ரீச்சர் விளக்கிற முதல் பத்து நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது. புது டி.ஏ. எல்லாரும் விடுற பிழை இது: ரீச்சர் கதைக்கேக்கை பக்கத்திலை இருந்து குசுகுசு எண்டு திருப்பிச் சொல்லுறது. பிள்ளைக்கு ஒரே நேரத்திலை ரெண்டு குரல் கேக்கும், ரெண்டும் விளங்காது. அந்த நேரத்திலை கையளவு வைற்போர்டிலை வேலையின்ரை படியளை எழுதுங்கோ. நாலுக்கு மேலை வேண்டாம். "1. படம் கீறு. 2. மூண்டு பேர் எழுது. 3. அம்புக்குறி போடு." முடிஞ்ச படியைப் பிள்ளை தன்ரை கையாலை அழிக்கட்டும்.

வேலை தொடங்கிச்சுது, அவன் கொப்பியைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கிறான். இஞ்சைதான் வேலையின்ரை கெட்டித்தனம் இருக்கு. முதல்ல ஒண்டும் செய்யாதேங்கோ, மனசுக்குள்ளை பத்து எண்ணுங்கோ. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கும் மொழித் தேவை உள்ள பிள்ளைக்கும் கேட்டது உள்ளுக்குப் போய் வேலை செய்ய நேரம் வேணும். நடுவிலை திருப்பிக் கேட்டால் முதல்ல இருந்து தொடங்க வேண்டி வரும். அதுக்குப் பிறகும் அசையேல்லை எண்டால் "அடுத்தது என்ன?" எண்டு மட்டும். சரிவராட்டி துப்பு: "போர்டிலை ரெண்டாவது படத்தைப் பார்." அதுக்கும் சரிவராட்டி செய்து காட்டுறது, ஆனா அதே கேள்வியை இல்லை, அது மாதிரி இன்னொண்டை. உலோகக் கரண்டிக்கு அவன் எழுத வேணும் எண்டால் நீங்கள் மரக் கரண்டிக்குச் செய்து காட்டுங்கோ. விடையைச் சொல்லித் திருத்திறது கடைசிப் படி. பிழை எங்கை வரும் எண்டால், நேரம் போகுதே எண்ட பதட்டத்திலை முதல் படியிலை இருந்து கடைசிக்குப் பாயுறது.

அவனுக்காக நீங்கள் எழுதினால் ஓரத்திலை குறியுங்கோ. கன இடங்களிலை தானாச் செய்ததுக்கு "ஐ", உதவியோடை செய்ததுக்கு "எஸ்" போடுவினம். குறி இல்லாட்டி ரீச்சர் அவனுக்கு விளங்கிட்டுது எண்டு நினைச்சு அடுத்த பாடத்துக்குப் போயிடுவா. ஜி.சி.எஸ்.ஈ. நேரத்திலை இது இன்னும் கடும். சோதினையிலை நீங்கள் ஸ்க்ரைப் எண்டால் அவன் சொன்னதைத்தான் எழுதலாம், ஒரு சொல்லுக் கூடாது குறையாது. ரீடர் எண்டால் கேள்வியை வாசிக்கலாம், விளக்கக் கூடாது. அந்தச் சலுகை அவன்ரை வழமையான வேலைமுறையா இருந்ததுக்கு ஆதாரம் கேப்பினம், அந்த ஆதாரம் உங்கடை குறிப்பிலை இருந்துதான் வரும்.

கதைக்கிற விதமும் மாற வேணும். யூத் சென்டர் பகிடி, நக்கல் எல்லாம் சில பிள்ளையளுக்கு அப்பிடியே நேர் அர்த்தத்திலை போகும். "நீங்கள் இருக்கலாமே?" எண்டு கேட்டால் "இல்லை" எண்டு சொல்லிப்போட்டு நிப்பான். அது வாய்க்கொழுப்பு இல்லை. கேள்வி கேட்டீங்கள், பதில் சொன்னவன். "தம்பி" (பேரைச் சொல்லி), "கதிரையிலை இருங்கோ." பேர் முதல், ஒரு வேலை, முடிஞ்சுது.

நவ்-நெக்ஸ்ட் போர்ட் எண்டு கேள்விப்படுவீங்கள். ஏ5 அளவு லாமினேற் தாள், ரெண்டு கட்டம், வெல்க்ரோ. இடப்பக்கம் இப்ப செய்யிறது, வலப்பக்கம் அடுத்தது. செய்ய ஐஞ்சு நிமிஷம் காணும், ஆனா கெடுக்கிறதும் லேசு. பிள்ளை குழப்படி செய்தவுடனை "நெக்ஸ்ட்" படத்தைக் கழற்றி எடுக்கிற ஆக்கள் இருக்கினம். அண்டையோடை அந்தப் போர்ட் செத்துது. அது பரிசுப் பலகை இல்லை, நேர அட்டவணை. பஸ் வாற நேரத்தை ஆரும் தண்டனையா மாத்திறதில்லைத்தானே.

---

ஈஸ்ட்ஹாம்_பொடியன்

அக்கா, மூண்டாம் பீரியட், ரெண்டு பேருக்கும் நன்றி. இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு. பிள்ளை கட்டுப்பாடு இழந்து கதிரையைத் தூக்கினால் பிடிக்கலாமோ? மற்றது, யூத் சென்டரிலை பிள்ளையளோடை வேலை ஃபோனாலை வட்சப்பிலை தொடர்பு இருக்கும், தனியாக் கதைச்சதைக் கனக்கத் தனியாவே வச்சிருப்பம். இஞ்சை அது எப்பிடி?

---

கொங்குநாட்டான்

வணக்கம் தம்பி. ஸ்பெஷல் ஸ்கூல் பக்கம் இருந்து சொல்றேங்க.

ரெண்டாவது கேள்வி சுலபம், அதை முடிச்சுடலாம். வாட்ஸப் கிடையாது, சொந்த நம்பர் கிடையாது, இன்ஸ்டாவுல ஃபாலோ கிடையாது, கார்ல ஏத்திட்டுப் போறது கிடையாது. பழைய யூத் சென்டர் பையன் அதே ஸ்கூல்ல படிக்கிறான்னா சேர்ற அன்னைக்கே எழுத்துல சொல்லிடுங்க. பிள்ளை உங்ககிட்ட ஏதாவது வெளிப்படுத்தினா "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்"னு வாக்குக் கொடுக்காதீங்க. "சொல்லு, விவரமாச் சொல்லு, என்ன நடந்துச்சு"ங்கிற அளவோட நிறுத்துங்க. "அவர் அடிச்சாரா?"ன்னு நீங்க வார்த்தை எடுத்துக் கொடுத்தா, பின்னாடி விசாரணையில அந்தச் சாட்சியமே நிக்காது. பிள்ளையோட சொற்களை அப்படியே எழுதி, அன்னைக்கே பாதுகாப்புப் பொறுப்பாளர் டி.எஸ்.எல். கையில கொடுத்துடணும். வீட்டுக்குப் போய் யோசிச்சு நாளைக்கு எழுதறேன்ங்கறது இங்க கிடையாது.

முதல் கேள்வி. 2006 கல்வி, ஆய்வுச் சட்டத்தோட 93ஆம் பிரிவு ஸ்கூல் ஊழியர்களுக்கு நியாயமான பலம் பயன்படுத்த அதிகாரம் கொடுக்குது. பிள்ளை தனக்கோ மத்தவங்களுக்கோ காயம் பண்றதைத் தடுக்க, பொருள் சேதத்தைத் தடுக்க, ஒழுங்கைக் காக்க. தண்டிக்கிறதுக்கு ஒருபோதும் இல்லை. சட்டம் இருக்குன்னு கையை வெக்கக் கூடாதுங்க. டீம் டீச் மாதிரி பயிற்சி எடுத்து, சான்றிதழ் காலாவதி ஆகாம இருக்கணும். அந்தப் பயிற்சியிலயும் பெரும்பகுதி பிடிக்கிறதைப் பத்தி இல்லை, பிடிக்கிற நிலை வராம பாத்துக்கறதைப் பத்தித்தான்.

கதிரையைத் தூக்கிட்டான்னு வைங்க. பேச்சைக் குறைங்க, மூணு சொல்லுக்கு மேல போகாதீங்க. நேருக்கு நேர் நிக்காம பக்கவாட்டா, ஒன்றரைக் கை நீளம் தள்ளி நில்லுங்க. கண்ணைப் பாருன்னு சொல்லாதீங்க. அவனை வெளிய இழுக்கறதை விட மத்த பிள்ளைகளை வெளிய கூட்டிட்டுப் போறது சுலபம், பாதுகாப்பும் கூட. அடங்கின உடனே "ஏன் இப்படிப் பண்ணினே"ன்னு ஆரம்பிச்சா ரெண்டாவது தடவை வெடிக்கும். உடம்பு பழைய நிலைக்கு வர அரை மணி நேரம், சில பிள்ளைகளுக்கு அதுக்கும் மேல ஆகும். தண்ணி, அமைதியான இடம், அவ்வளவுதான்.

யூத் வேர்க்கர்கள் இங்க ஒரு தப்புப் பண்றாங்க: பேசியே சமாதானப்படுத்தப் பார்க்கறது. தெருவுல சண்டை போடற பதினாறு வயசுப் பையன்கிட்ட அது எடுபடலாம். சத்தம், வெளிச்சம் தாங்க முடியாத நிலையில இருக்கற பிள்ளைக்கு உங்க குரலே இன்னொரு சத்தம்.

ஏ.பி.சி. தாள் நிரப்பக் கத்துக்கங்க. முன்னாடி என்ன, நடத்தை என்ன, பின்னாடி என்ன. "திடீர்னு கோபப்பட்டான்"னு எழுதினா அந்தத் தாளைக் கிழிச்சுப் போடலாம். "11:40, நூலகம் பக்கத்துக் கழிவறை, கை உலர்த்தும் மெஷின் ஓடுச்சு, ரெண்டு காதையும் பொத்தினான், அடுத்த நிமிஷம் கதவை உதைச்சான்." இது மாதிரி ஏழெட்டுச் சேர்ந்தா உருவம் தெரியும். அந்த மெஷினை நிறுத்திக் காகிதத் துண்டு வெச்சாலே பாதிப் பிரச்சினை போயிடும். ஆனா அதை யாரோ எழுதியிருக்கணும்ல.

ஸ்பெஷல் ஸ்கூலுக்கே வர்றதா இருந்தா இதையும் தெரிஞ்சுக்கங்க: டயப்பர் மாத்தறது, ஹாய்ஸ்ட்ங்கற தூக்கு மெஷின்ல தூக்கறது, உணவை எந்தப் பதத்துல கொடுக்கணும்ங்கறது எல்லாம் வேலையில உண்டு. ஒவ்வொண்ணுக்கும் தனிப் பயிற்சி, தனிப் பிளான். வலிப்பு வர்ற பிள்ளைக்குக் கன்னத்துல விடற மிடஸோலம் மருந்து இருக்கும். அந்தப் பிள்ளையோட பிளான்ல எத்தனை நிமிஷத்துல கொடுக்கணும்னு எழுதியிருக்கோ அதுதான் கணக்கு. பயிற்சி இல்லாம "நீங்க பாத்துக்கங்க"ன்னு யாராவது சொன்னா முடியாதுன்னு சொல்லுங்க. அது அடங்காமை இல்லைங்க.

பேசாத பிள்ளைகளோட படப் பரிமாற்ற முறை, பெக்ஸ், வரும். மொத்தம் ஆறு கட்டம். முதல் கட்டத்துக்கே ரெண்டு பெரியவங்க வேணும்: முன்னாடி ஒருத்தர் பிஸ்கட்டை வெச்சுட்டு உக்காருவாரு, பின்னாடி ஒருத்தர் பிள்ளையோட கையைப் படத்துக்குக் கொண்டு போய் முன்னாடி இருக்கறவர் கையில வெக்க உதவுவாரு. பின்னாடி இருக்கறவர் வாயே திறக்கக் கூடாது. முன்னாடி இருக்கறவரும் "என்ன வேணும்?"னு கேக்கக் கூடாது. கேட்டாத்தான் கொடுக்கணும்னு பிள்ளை கத்துக்கிச்சுன்னா, தானா வந்து கேக்காது. ஆள் பத்தலைன்னு ஒரே ஆள் ரெண்டு வேலையும் பண்றதுதான் பெரும்பாலும் சொதப்பற இடம்.

---

கணக்குப்பிள்ளை

சம்பளக் கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள்.

விளம்பரத்தில் 24,000 என்று இருந்தால் பக்கத்தில் சின்ன எழுத்தில் "எஃப்.டி.ஈ., ப்ரோ ராட்டா, டேர்ம் டைம் ஒன்லி" என்று இருக்கும், அதாவது முழுநேரச் சம்பளத்தில் வேலை செய்யும் நேரத்துக்கேற்ற பங்கு, பள்ளித் தவணைக் காலத்துக்கு மட்டும். 24,000 என்பது கிழமைக்கு 37 மணி நேரம் (லண்டனின் பல கவுன்சில்களில் 36) வருடம் முழுக்க வேலை செய்பவருக்கு. உங்களுக்குக் கிழமைக்கு 32.5 மணி, வருடத்தில் 39 கிழமை. விடுமுறைச் சம்பளத்தைச் சேர்த்தால் ஏறத்தாழ 44.5 கிழமைக்குக் கணக்கு வரும். சேவைக்காலத்தைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும் குறையும்.

32.5 / 37 = 0.878. பிறகு 44.5 / 52.14 (வருடத்தின் மொத்தக் கிழமைகள்) = 0.853. இரண்டையும் 24,000உடன் பெருக்கினால் சுமார் 18,000. வரிக்கு முன். அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் தருவார்கள், அதனால் ஓகஸ்ட் மாதமும் காசு வரும். விடுமுறைக்குச் சும்மா தருகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், உங்கள் காசுதான்.

நேர்முகத்திற்கு முன் அலுவலகத்தில் கேட்டு "ஆக்சுவல் சாலரி" என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். சாப்பாட்டு இடைவேளைக்குச் சம்பளம் உண்டா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் இல்லை, ஆனால் பிள்ளையோடு சாப்பாட்டு மண்டபத்தில் நிற்கச் சொன்னால் அது வேலை நேரம்.

ஒன்-டு-வன் ஒப்பந்தத்தில் "இந்தப் பிள்ளைக்கான நிதி இருக்கும் வரை" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பிள்ளை வேறு பள்ளிக்கூடம் மாறினால் அத்தோடு வேலையும் போகும். நிரந்தரமான பொது டி.ஏ. ஒப்பந்தம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஏஜென்சி மூலம் போனால் நாட்கூலி. பள்ளி விடுமுறையில் வேலை இல்லை. ஒரே இடத்தில் ஒரே வேலையில் 12 கிழமை முடிந்தால் அங்கே நேரடியாக எடுக்கப்பட்டவருக்குச் சமமான அடிப்படைச் சம்பளம் கேட்க உரிமை உண்டு. பதினோராம் கிழமையில் இடம் மாற்றினால் ஏன் என்று கேளுங்கள். நேரடி வேலை என்றால் உள்ளூராட்சி ஓய்வூதியம் எல்.ஜி.பி.எஸ். கிடைக்கும். யூத் சென்டர் கவுன்சிலுடையதாக இருந்தால் பழைய கணக்கையும் இதோடு சேர்க்கலாம். உங்கள் பின்னேர வேலையை முழுதாக விட வேண்டுமென்பதும் இல்லை. பள்ளிக்கூடம் மூன்றரைக்கு முடியும்.

---

சட்பரி_அக்கா

கணக்குப்பிள்ளை சொன்னது சரி. விட்டுப்போன இரண்டு விஷயம் சொல்கிறேன்.

சேர்ந்த முதல் நாளே பிள்ளையின் ஈ.எச்.சி.பி.யைக் கேளுங்கள். ஏ முதல் கே வரை பகுதிகள் இருக்கும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்: ஏ-யில் பிள்ளையும் பெற்றோரும் சொன்னது, பி-யில் தேவை, எஃப்-இல் கொடுக்க வேண்டிய உதவி. எஃப்-இல் இருப்பது ஆலோசனை அல்ல. கவுன்சில் சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டியது. "கிழமைக்கு 3 தடவை, 20 நிமிடம், மொழித் திட்டம்" என்று இருந்தால் அதைச் செய்பவர் பெரும்பாலும் நீங்கள்தான். ஒரு தாளில் திகதி போட்டுக் கோடு கிழித்து வையுங்கள். 12 மாதத்துக்குள் ஒருமுறை மீளாய்வு வரும். அப்போது "செய்தோம்" என்று வாயால் சொல்வதை யாரும் எடுக்க மாட்டார்கள். ஈ.எச்.சி.பி. இல்லாமல் சென் சப்போர்ட்டில் இருக்கும் பிள்ளைகள் அதைவிட அதிகம், அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தின் சொந்தத் திட்டத் தாள் இருக்கும். அதையும் கேளுங்கள்.

இரண்டாவது, தமிழ்ப் பிள்ளைகள். ஈஸ்ட் ஹாம், ஹரோ பக்கம் வேலை கிடைத்தால் தமிழ் பேசுகிறீர்கள் என்று தெரிந்த மறுநாளே உங்களை நடைபாதையில் மறித்து "இந்த அம்மாவுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்" என்பார்கள். நாளை மழை வந்தால் விளையாட்டு இல்லை என்பதைச் சொல்லலாம். நோயறிதல், மதிப்பீடு, மீளாய்வுக் கூட்டம் இவற்றுக்குப் பள்ளிக்கூடம் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்ய வேண்டும். நீங்கள் அந்தப் பிள்ளையின் டி.ஏ.யாகவும் இருந்து மொழிபெயர்த்தால், அம்மா உங்களைப் பற்றிய குறையை உங்கள் வாய் வழியாகவே எப்படிச் சொல்வார்? சுயாதீன ஆலோசனைக்கு ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் சென்டியாஸ் சேவை இலவசமாக இருக்கிறது என்று பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

வீட்டில் தமிழ் பேசுகிறார்கள் என்பதை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்குக் கற்றல் இடர்பாடு என்று கொள்ளக்கூடாது என்று 2014 சிறுவர், குடும்பச் சட்டத்தின் 20ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் நடைமுறையில் நான் அதிகம் பயப்படுவது மறுபக்கப் பிழைக்கு: "இங்கிலிஷ் வந்தால் சரியாகிவிடும்" என்று இரண்டு வருடம் விட்டுவிடுவது. இங்கே உங்கள் தமிழ் உண்மையாகவே உதவும். தமிழில் முதல் சொல் எப்போது வந்தது என்று அம்மாவிடம் கேட்டறிய, பள்ளிக்கூடத்தின் விசேட கல்விப் பொறுப்பாசிரியரான சென்கோவுக்குச் சொல்லுங்கள். "உள்ளுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மம்மாவின் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா" என்று தமிழில் சொன்னால் பிள்ளை இரண்டையும் செய்கிறதா, ஒன்றோடு நிற்கிறதா? தமிழிலும் தடுமாறினால் அது ஆங்கிலப் பிரச்சினை அல்ல. பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் அனுப்ப அது வலுவான காரணம்.

தயவுசெய்து யாரும் பெற்றோரிடம் "வீட்டில் தமிழை நிறுத்துங்கள்" என்று சொல்லாதீர்கள். பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள் அப்படிச் சொல்வதில்லை. அம்மாவுக்குச் சரளமில்லாத மொழியில் பிள்ளையோடு பேசச் சொன்னால் பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சே குறைந்துபோகும்.

---

ஈஸ்ட்ஹாம்_பொடியன்

எல்லாருக்கும் மெத்த நன்றி. 18,000 எண்டதைப் பாத்து ஒருக்காத் தலை சுத்திச்சுது, ஆனா இப்பவே தெரிஞ்சது நல்லது. ஒரு செகண்டரி ஸ்கூல் ஏ.ஆர்.பி. நேர்முகம் வருது. மூண்டு பிள்ளையளோடை 20 நிமிஷம் ஏதாவது செய்து காட்ட வேணுமாம். என்ன செய்யலாம்?

---

மூண்டாம்_பீரியட்

முதல்ல மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கோ: அந்த மூண்டு பேரின்ரை வாசிப்பு மட்டம், தொடர்பாடல் முறை, அலர்ஜி, தவிர்க்க வேண்டியது. பேர் தரமாட்டினம், இதைத் தருவினம். கேட்டதே உங்களுக்கு ஒரு புள்ளி.

புதுசா ஒண்டும் கண்டுபிடிக்க வேண்டாம். ஒரே ஒரு இலக்கு, மூண்டு படி. படம் வச்ச அறிவுறுத்தலைப் பாத்து ஒரு காகிதப் பெட்டி மடிக்கிறது மாதிரி ஏதாவது போதும். முதல் மூண்டு நிமிஷத்திலை என்ன செய்யப் போறம், எப்ப முடியும் எண்டதைக் காட்டுங்கோ. மணல் டைமர் இருந்தா வையுங்கோ. ஒரு பிள்ளை சேராட்டி இழுக்காதேங்கோ. தாளை அவனுக்குக் கிட்ட வச்சிட்டு மற்ற ரெண்டு பேரோடை தொடருங்கோ. பாத்துக்கொண்டிருக்கிற சென்கோ எழுதிறது நீங்கள் எவ்வளவு கதைச்சீங்கள் எண்டதைத்தான், பெட்டி வந்ததா எண்டதை இல்லை. 17ஆம் நிமிஷத்திலை நிப்பாட்டி "எந்தப் படி கஷ்டமா இருந்தது?" எண்டு கேட்டு, கையாலை காட்ட விடுங்கோ.

கடைசியா "உங்களுக்கு ஏதும் கேள்வி இருக்கோ" எண்டால் இந்த ரெண்டையும் கேளுங்கோ: ரீச்சரோடை கதைக்க நேர அட்டவணையிலை நேரம் இருக்கோ, சின்னக் குழுத் திட்டங்களுக்குப் பயிற்சி எவ்வளவு மணித்தியாலம். ஈ.ஈ.எஃப். எண்ட கல்வி ஆய்வு அமைப்பின்ரை வழிகாட்டலின்படி, பலன் தந்த திட்டங்களிலை டி.ஏ.க்கு 5 தொடக்கம் 30 மணித்தியாலம் வரை பயிற்சி குடுத்திருக்கினம். "பாத்துப் பழகுவீங்கள்" எண்டு பதில் வந்தால் அதையும் குறிச்சு வையுங்கோ.

வைற்போர்ட் பேனை ரெண்டு கொண்டு போங்கோ. அங்கை இருக்கிறது காய்ஞ்சிருக்கும்.